மண் சுவருக்கு ஊற்றிய தண்ணீர்

நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது. ரசமட்டம் தன் மச்சானுக்குத் தர வேண்டிய பாக்கி அது.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால்கூடப் பையிலிருந்து மட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கிற கொத்தனாருக்குக் கூட்டாளிகள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கடனும் அவன் குடித்துத் தீர்த்ததோ சீட்டாடித் தோற்றதோ இல்லை. மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது ஆபரேஷனுக்காகக் கை நீட்டியது. கொடுத்தவர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன், கட்டட காண்ட்ராக்டர். "என் தங்கச்சிக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், அவளுக்குத் தையல் பிரிப்பதற்குள் தங்கச்சி புருஷன் கூலியில் பிடித்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

பிடித்தம்கூடப் பெரிதில்லை. கடன் தீரும்வரை வேறு ஆளிடம் வேலைக்குப் போகக் கூடாது என்பதுதான் கழுத்தில் விழுந்த கயிறு. மச்சான் எந்த ஊரில் வேலை எடுக்கிறாரோ அந்த ஊரில் தகர ஷெட்டு. புருஷன் சுவர் கட்டுவான், சிமெண்ட் இறுகப் பெண்டாட்டி அந்தச் சுவருக்குத் தண்ணீர் விடுவாள். சொந்த வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் பூட்டிக் கிடந்தது. சாவி அவள் இடுப்பில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த முறை வேலை ஒரு மியூசியம்.

ஊருக்கு வெளியே, செங்கல்லுக்கு மண் வெட்டி வெட்டி உண்டான பெரிய பள்ளம். ஊரில் பாதி வீடுகள் அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்து போனவை. சூளைகள் அணைந்த பிறகு ஊர்க் குப்பையெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. மண் வேலை செய்தவர்களின் அச்சுகள், மண்வெட்டிகள், விரல் பதிந்த பழைய செங்கற்கள், அவர்களுடைய படங்கள், பேச்சு எல்லாவற்றையும் அதே பள்ளத்தில் வைப்பது என்று ஒரு குழு போட்டு முடிவு செய்தார்கள். குப்பையை லாரி லாரியாக அள்ளினார்கள்.

கட்டடத்தை வரைந்தவள் ஒரு பெண். "நான் இன்ஜினியர் இல்லீங்க, ஆர்க்கிடெக்ட்" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொன்னாள். "சரிங்க இன்ஜினியரம்மா" என்றார்கள். அதற்கு மேல் அவள் திருத்தவில்லை. அவள் வரைந்த கட்டடம் பள்ளத்தை விட்டுத் தலை தூக்கவே இல்லை. கூரை மேல் புல். சாலையில் நிற்பவனுக்கு எதிர்க் குன்று மறையாமல் தெரியும். பள்ளத்தின் பக்கவாட்டில் மண் எப்படி வரி வரியாகத் தெரிகிறதோ, அடியில் வெளுப்பு, அதன்மேல் மஞ்சள், சிவப்பு, உச்சியில் கறுப்பு என்று, அதே வரிசையில் அதே மண்ணைப் பலகைகளுக்கு நடுவே கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இடித்துச் சுவர் எழுப்ப வேண்டும். சிமெண்ட் ஒரு சிட்டிகை கூடாது. அடியில் ஒரே ஒரு வரிசைக் கல். "சுவர் தரையிலேர்ந்து முளைச்ச மாதிரி இருக்கணும்" என்றாள்.

திமிசு பிடித்த ஆட்களில் ஒருவன் வாய் ஓயாதவன், பெயர் ரேடியோ. "மண்ணு எடுத்த குழியில மண்ணாலயே சுவரு வெச்சு, அதுக்குள்ள மண்ணு வெட்டின மண்வெட்டியப் பாக்க டிக்கெட்டாம். எங்கப்பன் இதையெல்லாம் ஓசியிலயே பாத்துட்டுப் போயிட்டான்" என்று அவன் சொன்னபோது இன்ஜினியரம்மாவே சிரித்துவிட்டாள்.

சிரிக்காதவர் மச்சான். முதலில் ஒரு சுவர் கட்டிக் காட்ட வேண்டும். குழு பார்த்துச் சரி என்றால் மியூசியம் முழுக்க அவருக்கு. அவர் ரசமட்டத்தை மண் குவியல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, இந்தச் சுவரு உன் பொறுப்பு. நின்னுச்சுன்னா உன் பாக்கி முழுக்கத் தள்ளுபடி. நீயும் என் தங்கச்சியும் எங்க வேணா போகலாம்."

"விழுந்தா?"

"விழுந்தா மண்ணு, பலகை, ஆள் கூலி எல்லாம் உன் தலையில. அப்புறம் நீ இந்த ஜென்மத்துல என்னை விட்டுப் போக முடியாது. பாசமாத்தான் சொல்றேன்."

அன்றிலிருந்து ரசமட்டம் அந்தச் சுவரைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். மண்ணைக் கையில் பிடித்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டு, அது எப்படி உடைகிறது என்று பார்த்துத்தான் ஈரம் சேர்ப்பான். இன்ஜினியரம்மா கற்றுக்கொடுத்தது அது. ஒவ்வொரு வரியாக ஏறி, சனிக்கிழமை சுவர் இரண்டு ஆள் உயரம் வந்தது. பலகையை அன்றே கழற்றியிருக்கலாம். குழுத் தலைவர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை அவர் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தார்.

ஞாயிறு லீவு. ரசமட்டம் டவுனுக்குப் போய்ச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினான். மனைவி ஷெட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நீ பாட்டுக்குப் போயிட்ட. சுவரு காய்ஞ்சு கெடந்துச்சு. நான்தான் பாத்துப் பாத்துத் தண்ணி விட்டேன்."

"எந்தச் சுவரு?"

"இங்க எத்தனை சுவரு இருக்கு? அண்ணன் நாளைக்குப் பெரிய மனுஷங்களக் கூட்டிட்டு வருதாமே. வெடிப்பு விட்டுடக் கூடாதுன்னு மேலேர்ந்து ஊத்தி, சாக்கையும் நனைச்சுப் போத்தியிருக்கேன்."

அவன் கையிலிருந்த பை நழுவியது. ஓடிச் சாரத்தில் ஏறினான். சுவரின் உச்சியில் ஈரச் சாக்கு வரிசையாக, ஒழுங்காக, அவள் எந்த வேலையிலும் காட்டுகிற அக்கறையோடு விரிக்கப்பட்டிருந்தது. சாக்கைப் பிடுங்கி எறிந்தான். கறுப்பு வரியில் விரலை வைத்தான். களி மாதிரி உள்ளே போயிற்று.

பின்னாலேயே வந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்னாச்சு?"

"மண்ணுடி அது. வெறும் மண்ணு. இதுக்குத் தண்ணி ஆகாது. இடிச்சு முடிச்சப்புறம் ஒரு சொட்டு விடக் கூடாதுன்னு கூட்டம் போட்டுச் சொன்னாங்க."

"எங்கிட்ட யாரு சொன்னா?"

கூட்டத்துக்குக் கொத்தனார்களையும் திமிசு பிடிப்பவர்களையும்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர் விடுகிறவளை யார் கூப்பிடுவார்கள்? அவனாவது ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவரைப் பற்றியே பேசியவன் அதை மட்டும் சொல்லவில்லை.

"கட்டின சுவருக்குத் தண்ணி விடாம விட்டா ஏசுவாங்க. விட்டா இப்படியா?" அவன் எறிந்த சாக்கை எடுத்துப் பிழிந்தாள். "விழுந்துடுமா?"

"தெரியல. களி கலந்த மண்ணு. காத்து பட்டா இறுகினாலும் இறுகும்." அவளைவிடத் தனக்குத்தான் சொல்லிக்கொண்டான். "நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. நாளைக்கு நின்னுட்டா ஒண்ணுமில்ல."

அவள் இடுப்புச் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாள் காலை குழு வந்தது. தலைவர் ரிட்டயரான பேங்க் மேனேஜர். எதைப் பார்த்தாலும் விலை கேட்கிற ஆள். கூட நாலைந்து பேர். மச்சான் வெள்ளைச் சட்டையில் பளபளத்தார். இன்ஜினியரம்மா வரைபடத்தை விரித்துக் கல் வைத்தாள். ரசமட்டம் புதுச் சட்டையைப் போடவில்லை. விடிந்ததிலிருந்து சுவரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். உச்சி தோல் கட்டியிருந்தது. ஆனால் சுவர் முடிகிற கீழ்க்கோடியில், கல்வரிசைக்கு மேல், பலகையின் அடி ஓரம் கருத்துப்போயிருந்தது. அதைக் காலால் மண் தள்ளி மறைத்தான்.

"ஆரம்பிங்கடா" என்றார் மச்சான்.

சுவரின் மறு முனையான மேட்டுக்கோடியில் ரேடியோ முதல் போல்ட்டைக் கழற்றினான். பலகை விலகியது. வெளுப்பு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. எதிரே பள்ளத்தின் பக்கவாட்டில் தெரிந்த அதே வரிகள் சுவரில் அப்படியே ஓடின. தலைவர்கூட விலை கேட்கவில்லை.

"நின்னுடுச்சு மாப்ள" என்று மச்சான் அவன் தோளில் தட்டினார். "உன் சனி விட்டுச்சு."

அடுத்த பலகை. அதுவும் நின்றது. ரசமட்டம் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தான். கீழ்க்கோடிப் பலகை இன்னும் இரண்டுதான். நின்றுவிடுமோ? நின்றால் சாயங்காலமே பஸ். பூட்டைத் திறந்து ஜன்னலைத் தள்ளிவிட்டு, தூசியைக்கூடப் பெருக்காமல் படுத்துவிடலாம்.

"நாம எல்லாம் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" தலைவர் கீழ்க்கோடிப் பக்கம் நகர்ந்தார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது. குழுவும் நகர்ந்தது. இன்ஜினியரம்மா சுவர்ப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ரேடியோ போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

பலகையின் அடியில் ஒரு கோடு வழிந்தது. ரசமட்டம் மட்டும் பார்த்தான். ஈரம் அல்ல. சேறு.

தூரத்தில், ஷெட்டுப் பக்கம், மனைவி குடத்தோடு நிற்பது தெரிந்தது.

"டேய், கழட்டாத!" என்று ரசமட்டம் கத்தினான். "எல்லாரும் வெளிய வாங்க! இன்ஜினியரம்மா, கைய எடுங்க. அடி நனைஞ்சிருக்கு!"

குழு சிதறி ஓடியது. தலைவர் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காதருகே வந்தார். "வாய மூடு மாப்ள. எதுக்கு இப்ப இந்த வேலை?"

"ஆளு மேல விழும் மச்சான்."

இன்ஜினியரம்மா குனிந்து பலகை ஓரத்தைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். "மழையே இல்லையே. யார் தண்ணி ஊத்தினது?"

"வாட்ச்மேனுங்க" என்றார் மச்சான் சட்டென்று. "குடிகாரன். இன்னிக்கே அவன் சீட்டக் கிழிச்சுடறேன்."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற வாட்ச்மேன் முன்னால் வந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை அங்கே இல்லவே இல்லை.

"அவரு இல்ல. நான்தான்."

குடத்தைத் தரையில் வைத்துவிட்டு ரசமட்டத்தின் மனைவி வந்தாள். "அவரை எதுக்கண்ணே இழுக்கற? நான்தான் ஊத்தினேன். இவரு கண்டுபிடிச்சாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. இப்ப அவரே சொல்லிட்டாரு, நான் என்னத்துக்கு மறைக்கணும்?"

ரேடியோ ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

இன்ஜினியரம்மா கோபப்படுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சற்று முன் அவள் கை அந்தப் பலகையில் இருந்தது. "முட்டுக் குடுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க. தூரத்துலேர்ந்து கயிறு கட்டி இழுத்துத் திறப்போம்" என்றாள்.

கயிறு கட்டினார்கள். இழுத்தார்கள். பலகை சாய்ந்தது. ஒரு கணம் சுவர் முழுசாக நின்றது. அப்புறம் அடியிலிருந்த வெளுப்பு வரி பிதுங்கி, மேலேயிருந்த மூன்று வரிகளும் அதன்மேல் மடங்கி, பெரிய மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு கீழ்க்கோடி மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. சற்று முன் தலைவர் போட்டோவுக்கு நின்ற இடத்தில் தொடை உயரத்துக்குச் சேறு.

மீதிச் சுவர் அசையவில்லை.

ரசமட்டம் தரையில் குந்திவிட்டான். நாற்பத்தாறாயிரத்தோடு மண்ணும் பலகையும் ஆள் கூலியும் சேர்ந்து அவன் தலையில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

இன்ஜினியரம்மா மட்டும் சேற்றில் இறங்கினாள். "நீங்க எங்கேர்ந்து ஊத்த ஆரம்பிச்சீங்க?"

"அந்த மேட்டுக்கோடியிலேர்ந்துங்க. இந்த முனைக்கு வர்றதுக்குள்ள தண்ணி தீந்துபோச்சு. இங்க சாக்கு நனைக்கத்தான் ஊத்தினேன்."

"அங்கதான் நெறைய ஊத்தினீங்க. அங்க காய்ஞ்சிருக்கு. இங்க தண்ணி நிக்குது." அவள் மேட்டுக்கோடியைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள். ரசமட்டத்திடம் மட்டத்தைக் கேட்டு வாங்கி, கல்வரிசையின் அருகே தரையில் வைத்தாள். குமிழி ஓடி மறு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

அவள் எழுந்திருக்க நேரமாயிற்று. "நான் வடிகால் போட்டது அந்தப் பக்கம். சர்வே எடுத்தப்ப இங்க குப்பை மேடா இருந்துச்சு. அள்ளினதுக்கப்புறம் நான் திரும்ப அளக்கல." குழுவின் பக்கம் திரும்பினாள். "இது என் தப்பு சார். வர்ற மழைக்காலத்துல பள்ளத்துத் தண்ணி முழுக்க இந்த முனைக்குத்தான் வந்திருக்கும். அப்ப உள்ள ஜனங்க இருந்திருப்பாங்க."

"அப்ப வேலை நின்னுடுமா?" என்றார் தலைவர், ஒற்றைச் செருப்போடு.

"இல்ல சார். இந்த முனையில சுவரே வேணாம். தண்ணி போற வழிய அதுக்கே விட்டுடுவோம். அது பக்கத்துலயே ஜனங்க வர்ற வாசலையும் வெச்சுடலாம். மீதிச் சுவருக்கு இன்னும் ரெண்டு வரிசைக் கல்லு ஏத்தணும்." அவள் ஏற்கெனவே வரைபடத்தின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்திருந்தாள்.

தலைவருக்கு உயிர் திரும்பியதும் சுபாவமும் திரும்பியது. "எல்லாம் சரி. விழுந்ததுக்கு யார் காசு? அந்த அம்மா யாரு, உங்க கூலி ஆளா?"

மச்சான் பதறினார். மியூசியம் முழுக்கக் கை நழுவிப்போகிற பதற்றம். "சார், என் கம்பெனி மேல தப்பில்ல. பில்லு எடுத்துப் பாருங்க. எந்த வேலையிலயும் கியூரிங்குக்குத் தனி ஆளு, தினக் கூலி போட்டுத்தான் வாங்கறேன். இந்தச் சுவருக்கும் போட்டிருக்கேன். கூலி வாங்கற ஆளு செஞ்ச தப்புக்கு நான்..."

"இந்தச் சுவருக்குமா?" என்றாள் இன்ஜினியரம்மா. "தண்ணியே விடக் கூடாத சுவருக்குத் தண்ணி விடற கூலியா?"



"எந்தக் கூலிண்ணே?" என்றாள் தங்கை.

அவள் சத்தம் போடவில்லை. அதனால்தான் எல்லோர் காதிலும் விழுந்தது.

"பாப்பா, வீட்டு விஷயம் அப்புறம் பேசலாம்..."

"நீ ஆள் போட்டேங்கறியே, அது நான்தானே? வேற யாராவது குடம் தூக்கி நான் பாக்கலியே. ஆபரேஷன் ஆன வயித்தோட எத்தனை ஊரு, எத்தனை சுவரு. 'நம்ம வேலைதானே பாப்பா, சும்மா ஒரு கை ஊத்து'ன்ன. சரி, அண்ணன்தானேன்னு ஊத்தினேன். அந்தக் காச வாங்கி எங்க வெச்ச?"

"மாப்ள, சொல்லேன் அவகிட்ட" என்றார் மச்சான்.

ரசமட்டம் எழுந்து பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டான். "என்னத்தச் சொல்ல மச்சான்? நான் ஈரம் இருக்கறதத்தான் சொல்ல முடியும். சொல்லிட்டேன்."

ரேடியோ எங்கோ பார்த்துக்கொண்டு, "இத்தனை நாளா நம்ம பில்லுல ஒரு பேய் தண்ணி விட்டிருக்கு போல" என்றான். குழுவில் யாரோ இருமினார்கள். தலைவர் இருமவில்லை. பேங்கில் வேலை பார்த்த ஆள், மச்சானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பழைய பில்லையெல்லாம் கொண்டாங்க. பார்த்துட்டுத்தான் மீதி வேலைய யாருக்குன்னு சொல்வோம்" என்று செருப்பைத் தேடப் போனார்.

சாயங்காலம் மச்சான் ஷெட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டையில் முழங்கைவரை சேறு. வழக்கமாகச் செருப்போடு உள்ளே நுழைகிறவர் வாசலிலேயே நின்றார். உள்ளே தங்கை துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரசமட்டம் மட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேலைய விட்டுப் போகாத மாப்ள. வாசல் மாத்தறதுக்கும் கல்லு ஏத்தறதுக்கும் நீதான் வேணும்னு இன்ஜினியரம்மா சொல்லுது. நீ இல்லேன்னா குழு என்னை நம்பாது."

"கடனாளியா வரணுமா, கொத்தனாரா வரணுமா?"

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"அந்த நாப்பத்தாறாயிரத்து முந்நூத்தைம்பத இல்லேன்னு வெச்சுக்கோ."

"வெச்சுக்கறதெல்லாம் வேணாம்" என்றாள் அவள், பையைக் கட்டியபடி. "இல்லேன்னு சொல்லு."

"இல்ல."

"இவரப் பாத்துச் சொல்லு."

"இல்ல மாப்ள. தீந்துபோச்சு. போதுமா?"

"எனக்கு வர வேண்டியது இன்னும் இருக்கும்ண்ணே. அதக் கூட்டிப் பாத்துட்டு ஊருக்கு வந்து குடு. வீடு தெரியும்ல?" அவள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துப் புடவைத் தலைப்பில் தேய்த்தாள். துரு கொஞ்சம் போயிற்று. "நாலு நாள் கழிச்சு இவரு வருவாரு. தினக் கூலிக்கு. கல்லு ஏத்த."

"நீ?" என்றார் மச்சான்.

"அந்தச் சுவருக்குத்தான் தண்ணி வேணாமே" என்று அவள் பையைத் தூக்கினாள்.